ஆறு டயரின் கணக்கு

நெல் அறுவடை முடிந்த நாட்களில் திருவண்ணாமலை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துப் பக்கம் போனால், மூட்டை ஏற்றி வரும் வண்டிகளில் இரண்டு சாதிகளைக் காணலாம். பின்னால் பக்கத்துக்கு ஒரு டயர் உள்ளவை: குட்டியானை, தோஸ்த், பொலேரோ பிக்கப். பக்கத்துக்கு ஜோடி டயர் உள்ளவை: 1986-இல் வந்து இன்னும் ஓய்வு பெறாத டாடா 407-உம் அதன் உறவுக்காரர்களும். ஆறு டயர் என்றாலே ஏற்றுகிறவர் மனத்தில் ஒரு நம்பிக்கை. "இன்னும் பத்து மூட்டை தாங்கும்ணே" என்ற குரல் எழுவது அந்த வண்டியைச் சுற்றித்தான். பத்து மூட்டை என்றால் மூட்டைக்கு 75 கிலோ வீதம் முக்கால் டன்.

உண்மையில் அது எவ்வளவு தாங்கும்? 407-இன் பரவலான ஒரு வகையில், சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 4995 கிலோ. வண்டியின் எடை போகச் சரக்குக்கு மிஞ்சுவது சுமார் இரண்டேகால் டன், அதாவது முப்பது மூட்டை. நாலே டயரில் ஓடும் பொலேரோ மேக்ஸ் பிக்கப்பின் பெரிய வகைக்கே இரண்டு டன் அனுமதி உண்டு. இரண்டு டயர் கூடுதலாக இருந்தும் காகிதத்தில் கிடைத்த லாபம் மூன்று, நான்கு மூட்டைதான்.

டயரின் பக்கவாட்டில் 121/120 போல ஓர் எண் ஜோடி அச்சாகியிருக்கும். 121 என்றால் அந்த டயர் தனியாக 1450 கிலோ தாங்கும். 120 என்பது ஜோடியாக மாட்டும்போது ஒவ்வொன்றும் தாங்கும் அளவு: 1400. ஜோடி சேர்ந்தால் ஏன் குறைகிறது? சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருப்பதால் இரண்டும் சமமாகச் சுமப்பதில்லை. உள்டயருக்குக் காற்றோட்டமும் குறைவு, சூடு தங்கிவிடும். சட்டமும் இதே போக்குதான். 2018-இல் மத்திய அரசு அச்சுக்கான எடை வரம்பை உயர்த்தியபோது, இரண்டு டயர் அச்சுக்கு 7 டன், நான்கு டயர் அச்சுக்கு 11.5 டன் என்றுதான் வைத்தது. 14 இல்லை.

அப்படியானால் ஜோடி டயரால் என்ன பயன்? இருக்கிறது. உயரமாக வைக்கோல் ஏற்றினால் வண்டி ஆட்டம் குறைவு. ஒரு டயர் வெடித்தாலும் கூட்டாளி வண்டியைக் கவிழவிடாமல் ஓரம் சேர்க்கும். ஆனால் அடுத்த ஊர்வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தால், இருவர் சுமையை ஒற்றையாகச் சுமக்கும் அந்த டயரும் சூடேறிப் போய்விடும்.

தொல்லைகளில் பெரியது உள்டயர். கண்ணுக்கும் தெரியாது, காற்று பிடிக்கக் கையும் எட்டாது. அதனால்தான் டிரைவர்கள் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்கிறார்கள். அந்தத் தட்டல் முழுக்கக் காற்றிறங்கிய டயரைக் காட்டிக்கொடுக்கும், கொஞ்சம் குறைந்ததைக் காட்டாது. காற்று குறைந்து அதிகச் சுமையும் ஏறினால் இரண்டு டயரின் வயிறும் பிதுங்கி ஒன்றோடொன்று உரசும். நடுவில் கருங்கல் சிக்கினால் அது வேறு. புதுடயருக்குப் பக்கத்தில் தேய்ந்த டயரை மாட்டுவதும் தவறு. இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் ஒரே சுற்றுதான் சுற்றியாக வேண்டும். பெரியது சுமையை வாங்கிக்கொள்ளும், சின்னது தரையில் தேய்ந்துகொண்டே வரும்.

சேற்றில் இன்னொரு சிக்கல். ஒற்றை டயர் வண்டியில் பின்சக்கரம், முன்சக்கரம் அமுக்கிய தடத்திலேயே ஏறத்தாழப் போகும். ஜோடி டயர் அந்தத் தடத்துக்கு வெளியிலும் புதுச்சேற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். இடையில் மண்ணும் அப்பிக்கொள்ளும். வயல் வரப்போரம் மழைக்குப் பிறகு 407-ஐ இறக்காமல் சாலையிலேயே நிறுத்தி, மூட்டையை டிராக்டரில் கொண்டுவருவது அதனால்தான்.

அமெரிக்காவில் ராம் 3500, ஃபோர்டு எஃப்-350 போன்ற பெரிய பிக்கப்களிலும் ஜோடி டயர் கிடைக்கிறது. அங்கே அதற்கு முக்கியக் காரணம் இழுவை. குதிரையோ வீடோ ஏற்றிய டிரெய்லரின் கழுத்து, வண்டியின் தொட்டிக்கு நடுவில் உட்கார்ந்து பின் அச்சை அழுத்தும். நம் ஊர் மூட்டை வியாபாரத்தில் அந்தத் தேவை அபூர்வம்.

எத்தனை டயர் பூட்டினாலும் மாறாதவை சட்டகம், ஸ்பிரிங், பிரேக். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து சரக்கோடு போளூர் நோக்கி இறங்கும் வளைவுகளில், கூடுதலாக ஏற்றிய பத்து மூட்டையின் வேகத்தையும் அடக்க வேண்டியது அதே பிரேக்தான். முப்பது மூட்டைக்குக் கணக்கிட்டுச் செய்தது அது.