பட்டைக் குறியும் படத் தகடுகளும்

பொருளைச் சேர்த்தல் எளிது. சேர்த்த பொருளை வேண்டிய பொழுதில் எடுத்துப் பயன் கொள்ளுதல் அரிது. களஞ்சியத்தில் நெல் எவ்வளவு நிறைந்திருப்பினும், எக்குதிரில் விதைநெல், எக்குதிரில் உணவுநெல் என்னும் கணக்கு இல்லையெனில் உழவன் இடர்ப்படுவான். கணக்கில் அடங்காத செல்வம் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். இவ்வுண்மை இக்காலத்து இல்லங்களில் உள்ள திரைப்படத் தகடுகளுக்கும் பொருந்துவதாகும்.

டி.வி.டி. எனப்படும் தகடு 1996ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டமே உடைய அத்தகட்டினுள் ஒரு முழுத் திரைப்படம் அடங்கிற்று. மக்கள் அதனை விரும்பி வாங்கினர். இணையத்தின் வழியே படம் காணும் வழக்கம் பெருகியுள்ள இந்நாளிலும் தகடுகளைச் சேர்த்துக் காப்போர் உளர். பத்துத் தகடுகள் உள்ளவரை நினைவே போதும். அவை சில நூறு ஆகிவிட்டால், இருக்கும் படத்தையே மீண்டும் வாங்குவதும், இரவல் கொடுத்ததை மறப்பதும், தேடியது கிடைக்காமல் சலிப்பதும் நிகழ்கின்றன. இவற்றைத் தவிர்க்கத் துணைபுரிவது, ஒவ்வோர் உறையின் பின்புறத்திலும் அச்சிடப்பட்டிருக்கும் பட்டைக் குறியாகும். இதனைப் ‘பார்கோடு’ என்றும் வழங்குவர்.

குறி பிறந்த வரலாறு

1948ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரிலுள்ள டிரெக்செல் தொழில்நுட்பக் கழகத்திற்கு உணவுக்கடை நிறுவனத் தலைவர் ஒருவர் வந்தார். வாங்குவோர் எடுத்துவரும் பொருள்களின் விவரத்தைத் தாமாகவே அறியும் கருவி ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டார். அதனைச் செவியுற்ற பெர்னார்டு சில்வர் என்பவர், தம் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் கூறினார். உட்லண்டு தந்திச் செய்திக்குரிய மோர்சுக் குறிகளை அறிந்தவர். பின்னர் மயாமிக் கடற்கரையில் அமர்ந்து சிந்தித்துக்கொண்டிருந்தபோது, அக்குறிகளின் புள்ளிகளையும் சிறு கோடுகளையும் கீழ்நோக்கி நீட்டினால் மெல்லிய கோடுகளும் தடித்த கோடுகளும் கிடைக்குமே என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. மணலில் விரல்களால் கோடிழுத்துப் பார்த்தார். நண்பர் இருவரும் 1949ஆம் ஆண்டில் விண்ணப்பித்து, 1952ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றனர்.

ஆயினும் அக்கருத்து உடனே பயன் தரவில்லை. குறியைப் படிக்கத்தக்க கூரிய ஒளியும், படித்ததை நொடியில் கணக்கிடும் சிறிய கணினியும் அன்று இல்லை. லேசர் ஒளி தோன்றியதே 1960ஆம் ஆண்டில்தான். பின்னர், ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லாரர் செங்குத்துக் கோடுகளால் ஆன குறியை வகுத்தார். 1973ஆம் ஆண்டில் அமெரிக்க வணிகர்கள் அதனைப் பொதுக்குறியாக ஏற்றனர். 1974ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள், ஒகையோ மாநிலத்து டிராய் என்னும் ஊரில், மார்ஷ் கடையில் ஒரு சூயிங்கம் பொதி அக்குறியின் வழியே முதன்முதலாக விற்கப்பட்டது. அதன் விலை 67 சென்ட்.

கோடுகளின் மொழி

கருங்கோடு ஒளியை உட்கொள்ளும். வெள்ளிடை ஒளியைத் திருப்பி அனுப்பும். திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு, கோடுகளின் அகலத்தைக் கருவி அறிந்துகொள்கிறது. கைபேசியோ குறியைப் படமெடுத்து அப்படத்திலிருந்தே அறிகிறது.

உலகின் பல நாடுகளில் வழங்கும் குறி 13 இலக்கங்களை உடையது. அதன் அகலம் 95 சமக் கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. இரு முனைகளிலும் மும்மூன்று கூறுகளும், நடுவில் ஐந்து கூறுகளும் எல்லைக் குறிகள். எஞ்சிய 84 கூறுகளில், இலக்கம் ஒன்றுக்கு ஏழு கூறுகளாகப் பன்னிரண்டு இலக்கங்கள் வரையப்படுகின்றன. முதல் இலக்கம் தனியே வரையப்படுவதில்லை. இடப்பாதியிலுள்ள ஆறு இலக்கங்கள் எழுதப்பட்ட முறையே அதனை உணர்த்திவிடும். இடப்பாதியின் எழுத்துமுறை வேறு. வலப்பாதியின் எழுத்துமுறை வேறு. ஆதலின் உறையைத் தலைகீழாகக் காட்டினும் கருவி மயங்குவதில்லை.

பதின்மூன்றாம் இலக்கம் காவலாள் போன்றது. 201403005126 என்னும் பன்னிரண்டு இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். முதல், மூன்றாம், ஐந்தாம் இடங்கள் போன்ற ஒற்றை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 10 வரும். இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 14 வரும். அதனை மூன்றால் பெருக்கினால் 42. இரண்டும் சேர்ந்து 52. இதனை அடுத்த பத்தின் மடங்காகிய 60 ஆக்க 8 வேண்டும். அந்த எட்டே பதின்மூன்றாம் இலக்கம். கருவி 4 என்பதை 7 எனப் பிழைபடப் படித்துவிட்டால் மொத்தம் 69 ஆகும். அது பத்தின் மடங்கு அன்று. ஆகவே கருவி அவ்வெண்ணைத் தள்ளிவிடும். ஏதேனும் ஓர் இலக்கம் மட்டும் பிழைபட்டால், அப்பிழை இக்காவலுக்குத் தப்பவே முடியாது.

எண்ணும் ஏடும்

இங்கு மாணவர்கள் தெளிவாக உணரவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பட்டைக் குறியினுள் படத்தின் பெயர் இல்லை, நடித்தோர் பெயர் இல்லை, விலையும் இல்லை. அதனுள் இருப்பது ஓர் எண் மட்டுமே. அவ்வெண் எப்படத்திற்கு உரியது என்பது வேறோர் ஏட்டில் மனிதரால் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். கைபேசியில் குறியைக் காட்டியவுடன் படத்தின் பெயர் தோன்றுகிறது என்றால், முன்னரே யாரோ ஒருவர் அவ்விவரத்தை இணையத்திலுள்ள தரவுத் தொகுப்பில் பதிந்து வைத்துள்ளார் என்பதே பொருள். பதியாத எண்ணைக் காட்டினால் விடை வாராது.

ஆதலின் வீட்டுத் தகடுகளுக்கு அட்டவணை அமைப்போர், குறியின் எண்ணோடு தாமே எழுதவேண்டியன சில உள. தகடு எந்த அலமாரியில் எத்தட்டில் உள்ளது, இரவல் பெற்றவர் யார், கொடுத்த நாள் எது என்பன அவை. இவற்றை எவ்வளவு பெரிய தரவுத் தொகுப்பும் அறியாது. சீர்காழியில் 1892ஆம் ஆண்டில் பிறந்து, 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அரங்கநாதன், நூலகத்திற்கென ஐந்து விதிகளை வகுத்தார். நாடி வருவோரின் காலம் வீணாகலாகாது என்பது அவற்றுள் ஒன்றன் கருத்து. வீட்டு அலமாரியும் ஒரு சிறு நூலகமே. இருக்குமிடம் குறிக்கப்பெறாத அட்டவணை, வழி சொல்லாத கைகாட்டி மரத்தை ஒக்கும்.

கருவியை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளுதலும் ஆகாது. குறி இருப்பது உறையின் மேல். தகட்டின் மேல் அன்று. உள்ளே தகடு இல்லாத வெற்றுறையையும் கருவி முழுப்படமாகவே கணக்கிடும். பல படங்கள் அடங்கிய பெட்டிக்கு ஒரே குறி இருக்கலாம். ஒரே படத்தின் வெவ்வேறு பதிப்புகளுக்கு வெவ்வேறு குறிகள் இருக்கலாம். எனவே உறையைத் திறந்து பார்த்துப் பதிதலே முறையாகும்.

குறியில்லாத செல்வம்

ஒவ்வோர் இல்லத்திலும் விலைமதிப்பற்ற தகடுகள் சில இருக்கக்கூடும். திருமணக் காட்சி, குழந்தையின் முதல் நடை, மறைந்த பாட்டனாரின் குரல் ஆகியவற்றைத் தாங்கிய தகடுகள் அவை. கடையில் விற்ற படம் கெட்டால் வேறொன்றைத் தேடி வாங்கலாம். இவை கெட்டாலோ உலகில் வேறு படி இல்லாமலும் போகலாம். ஆனால் இவற்றிற்குப் பட்டைக் குறி இல்லை. எந்தத் தரவுத் தொகுப்பும் இவற்றை அறியாது. மேலும், ஆலையில் அச்சிட்ட தகட்டில் படம் நுண்குழிகளாகப் பதிந்துள்ளது. ஒருமுறை பதியத்தக்க தகட்டிலோ அது சாயப் படலத்தில் பதிந்துள்ளது. அப்படலம் வெயிலாலும் வெப்பத்தாலும் நாளடைவில் கெடும்.

ஆகவே இத்தகடுகளுக்கே முதற்கண் எண்ணிடல் வேண்டும். 20 முதல் 29 வரையுள்ள எண்களில் தொடங்கும் குறிகள், அவ்வவ்விடத்தின் உட்பயனுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. மேலே கணக்கிட்டுக் கண்ட 2014030051268 அத்தகையதே. இவ்வாறு அமைத்த எண்ணைக் கணினியில் குறியாக அச்சிட்டு உறையின் மேல் ஒட்டலாம். தகட்டின் மேல் தாளை ஒட்டுதல் கூடாது. சுழலும்போது தகடு சமநிலை இழக்கும். பின்னர், காட்சியில் உள்ளவர் யார், நிகழ்ந்த இடம் எது, நாள் எது என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். எத்தகடு பழையது என்பதை அட்டவணை காட்டும். அது கெடுமுன் வேறு படி எடுத்துக்கொள்ளலாம்.

கோடுகள் எண்ணைத் தாங்கும். எண் ஏட்டைச் சுட்டும். ஏட்டினை நிரப்ப வேண்டியவர் மனிதரே. விற்பனைப் பொருளின் பெயரைக் கருவி சொல்லும். திருமணக் காட்சியில் ஓரத்தில் நின்று சிரிக்கும் முதியவர் யார் என்பதை, அவரை அறிந்தோர் உள்ள காலத்திலேயே கேட்டு எழுதிவைத்தல் இளையோர் கடனாகும்.