‘சாப்பிட்டியா?’வுக்கு அடுத்த கேள்வி

ஃபாரினில் படிக்கும் தம்பியிடமோ ஃப்ரெண்டிடமோ போனில் நாம் கேட்பது மொத்தமே மூன்று கேள்விகள். ‘சாப்பிட்டியா? குளிருதா? பார்ட்-டைம் வேலை கெடச்சுச்சா?’ அவனும் ‘ம்... இல்ல... பாத்துக்கிட்டிருக்கேன்’ என்று முடித்துவிடுவான். இரண்டு தரப்புக்கும் பரம திருப்தி!

திண்டுக்கல்லில் எங்கள் ஆபீஸ் சீனியர் ஒருவர், மகனை மேல்படிப்புக்கு அயர்லாந்து அனுப்பினார். பெட்டிக்குள் பருப்புப்பொடி, ஊறுகாய், குக்கர். ‘நம்மூர்ப் பூட்டா பாத்துப் போட்டிருக்கேன், எவனும் தொறக்க முடியாது’ என்று என்னிடம் பெருமை வேறு. ஆறு மாசம் கழித்துத்தான் தெரிந்தது, பையன் அதே மாதிரி ஒரு பூட்டை வாயிலும் போட்டுக்கொண்டிருந்தான் என்று. ராத்திரித் தூக்கமில்லை. கிளாஸுக்குப் போய் மூன்று வாரம். டிசம்பரில் அங்கே சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். வெயிலைத் திட்டியே வளர்ந்த திண்டுக்கல் பையனுக்கு அந்த இருட்டே பாரம். ‘வீட்டை அடமானம் வெச்சு அனுப்பினவங்ககிட்ட, முடியலைனு எப்படிச் சொல்றது?’ இதுதான் பூட்டு.

‘இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெம்பு இல்ல சார்’ என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். 1914-ல் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனாரே கணித மேதை ராமானுஜன்... சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், உலகப்போர், தனிமை, நோய் எல்லாம் சேர்ந்து அழுத்தியதில் 1918-ல் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். அதே வருஷம்தான் ராயல் சொசைட்டி அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது!

அவர் கேம்பிரிட்ஜ் வாழ்க்கையில் ஒரு சின்னச் சம்பவம். ராத்திரி குளிர் தாங்காமல் ஓவர்கோட்டோடு, சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குவதாகச் சொன்னார் ராமானுஜன். அங்கே படித்துக்கொண்டிருந்த மஹலனோபிஸ் (பிற்பாடு பெரிய புள்ளியியல் நிபுணர்) கட்டிலைப் போய்ப் பார்த்தார். விரிப்புக்கு அடியில் கம்பளிகள் ஒழுங்காகச் செருகியிருந்தன. அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை! விரிப்பை விலக்கிக் காட்டினார் நண்பர்.

‘குளிருதா?’வோடு அவர் நிற்கவில்லை, கட்டிலையும் பார்த்தார். நாமும் போனிலேயே பார்க்கலாம். ‘நேத்து எத்தனை மணிக்குத் தூங்கின? இந்த வாரம் யாரோட உக்காந்து சாப்பிட்ட? கடைசியா எப்பக் கிளாஸுக்குப் போன?’ பதில் தடுமாறினால் யுனிவர்சிட்டி கவுன்சலரைப் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் மாணவர்களுக்கு அது இலவசம். இங்கே தவிக்கிற வீட்டுக்காரர்களுக்கு மத்திய அரசின் டெலி-மானஸ், நம்பர் 14416. 24 மணி நேரமும், தமிழிலும் உண்டு. காசு கிடையாது.

சீனியர் கடைசியில் மகனிடம் சொன்னது இதுதான்: ‘கடன் என் தலைவலிடா. ஒரு செமஸ்டர் போனாப் போவுது. முடியலேன்னா கெளம்பி வா.’

பையன் கிளம்பி வரவில்லை. கவுன்சலரைப் பார்த்தான், படிப்பை முடித்தான். ‘வரலாம்னு தெரிஞ்சப்புறம்தான் இருக்க முடிஞ்சுது’ என்றானாம்.

அடுத்த போனில் அந்த ‘வா’வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அதற்குத் தனிச் சார்ஜ் இல்லை!