நான்காம் மொழியாக ரஷ்ய மொழி

நம் இல்லங்களில் வளரும் பிள்ளை, பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் மூன்று மொழிகளோடு பழகிவிடுகிறது. வீட்டில் தமிழ், மக்தபில் அரபு, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். மூன்றுக்கும் மூன்று வகை எழுத்து. ஒன்று வலப்புறமிருந்து இடப்புறம் செல்வது; மற்ற இரண்டும் இடமிருந்து வலம் செல்பவை. இத்துணைப் பெரிய பயிற்சி கைவசம் இருந்தும், புதிதாக ஒரு மொழி என்றவுடன், "இருக்கிற மொழிகளே போதாதா? இதையும் சேர்த்தால் எல்லாம் குழம்பிப் போகாதா?" என்ற அச்சம் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் எழுவதைக் காண்கிறோம்.

மருத்துவம் பயில ரஷ்யாவுக்குச் செல்லும் மாணவ மாணவியர் வகையில் இந்த அச்சத்திற்குக் கொடுக்கும் விலை பெரிது. "பாடங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில்தான், ரஷ்ய மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்று கூறி அனுப்பி வைப்போர் உளர். அது பாதி உண்மை. நம் நாட்டின் தேசிய மருத்துவ ஆணையம் 2021-ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு 54 மாதங்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பயிற்று மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். அதே கல்வி நிலையத்தில் 12 மாதப் பயிற்சி மருத்துவர் பணியையும் முடிக்க வேண்டும். பேராசிரியர் ஆங்கிலத்தில் பாடம் நடத்துவார். ஆனால், வார்டில் படுத்திருக்கும் மூதாட்டி தம் வலியை ரஷ்ய மொழியில்தான் சொல்வார். அவர் சொல்வது விளங்காத மாணவன், ஏட்டுக் கல்வியோடு மட்டுமே ஊர் திரும்ப நேரிடும்.

ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். முன்பே கற்ற மொழிகள் ரஷ்ய மொழிக்குத் தடையா, துணையா? சற்று விரிவாகப் பார்ப்போம்.

எழுத்து என்னும் முதற்படி

ரஷ்ய மொழியின் எழுத்துகள் 33. அவற்றுள் 10 உயிர், 21 மெய், எஞ்சிய இரண்டும் தனி ஒலியற்ற குறிகள். 247 எழுத்துகளைக் கற்ற தமிழ்ப் பிள்ளைக்கு இது சுமையன்று. இடையூறு வருவது ஆங்கிலத்தால்தான். ஆங்கில எழுத்தைப் போலவே தோன்றி, வேறு ஒலி தரும் எழுத்துகள் சில உண்டு. 'பென்சில்' என்னும் சொல்லின் முதலெழுத்தாக நாம் அறிந்த வடிவம் அங்கே 'ர' ஒலி தரும். 'ஹெச்' போன்றது 'ந' ஆகும். 'சி' போன்றது 'ஸ' ஆகும். 'ரெஸ்தரான்' என்ற உணவகப் பெயர்ப் பலகையை, ஆங்கில எழுத்தென்று கருதியவர் 'பெக்டோபா' என்று வாசித்து விழிப்பார்!

'எக்ஸ்' போன்ற எழுத்தோ, 'கைர்' என்ற அரபுச் சொல்லின் முதல் ஒலிக்கு மிக நெருங்கியது. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் திணறும் அவ்வொலி, மக்தபில் ஓதிய பிள்ளைக்கு இயல்பாக வரும். ரஷ்ய மெய்யெழுத்துகளுள் பெரும்பாலானவற்றிற்கு வன்மை, மென்மை என இரு ஒலிப்பு உண்டு. 'ப்ராத்' என்பதன் இறுதி மெய்யை வன்மையாக ஒலித்தால் 'சகோதரன்'. மென்மையாக ஒலித்தால் 'எடுத்தல்'. ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாட்டை உஸ்தாதிடம் திரும்பத் திரும்ப ஓதிப் பழகிய செவிக்கு, ஓர் ஒலியின் சிறு மாற்றம் பொருளையே மாற்றும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று மொழிகளும் கைகொடுக்கும் இடம்

'நான் மாணவன்' என்பது தமிழ். அரபியில் 'அன தாலிபுன்'. ரஷ்ய மொழியில் 'யா ஸ்துத்யேன்த்'. மூன்றிலும் இரண்டே சொற்கள். ஆங்கிலத்தில் இடையே வந்தே தீர வேண்டிய 'ஆம்', 'ஈஸ்' போன்ற சொல் எதுவும் இவற்றில் இல்லை.

'என்னிடம் நூல் இருக்கிறது' என்று நாம் சொல்கிறோம். அரபியில் 'இந்தீ கிதாபுன்'. ரஷ்யரும், 'உ மென்யா யெஸ்த் க்னீகா' என்று, 'என்னிடம்' என்ற அமைப்பிலேயே கூறுவர். ஆங்கில வாக்கியத்தை மனத்தில் அமைத்து அதிலிருந்து மொழிபெயர்ப்பவர் சுற்றுவழியில் செல்கிறார். தமிழிலிருந்து நேரே செல்பவருக்குப் பாதை குறுகியது.

வேற்றுமை என்றதும் பலர் அஞ்சுவர். ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமைகள், தமிழில் எட்டு. பெயர்ச்சொல்லின் இறுதி மாறினால் பொருள் மாறும் என்ற கருத்து நமக்குப் புதிதன்று. வேறுபாடு எங்கே? தமிழில் மரத்தை, வீட்டை, ஆசிரியரை என எல்லாவற்றிற்கும் 'ஐ' ஒன்றே உருபு. ரஷ்ய மொழியில் சொல் ஆண்பாலா, பெண்பாலா, இரண்டும் அல்லாததா என்பதைப் பொறுத்து உருபும் மாறும். பெயருக்கு முன்னுள்ள அடைமொழியும் உடன் மாறும். 'பெரிய வீடு', 'பெரிய வீட்டை' என்று அடைமொழியை மாற்றாமலே பேசும் தமிழருக்கு இது புதுமை. ஆனால், நஹ்வு படித்தவருக்கோ ஸிஃபத்தும் மவ்ஸூஃபும் ஒத்துச் செல்ல வேண்டும் என்பது பழைய பாடம். தமிழ் தராத உதவியை இங்கே அரபு தருகிறது.

எண்களும் அவ்வாறே. அரபியில் 3 முதல் 10 வரை எண்ணப்படும் பொருள் பன்மையிலும், 11 முதல் 99 வரை ஒருமையிலும் வரும். ரஷ்ய மொழியிலும் எண்ணைப் பொறுத்துப் பெயரின் வடிவம் மாறுகிறது. ஓர் ஆண்டு 'அதீன் கோத்'. இரண்டு ஆண்டுகள் 'த்வா கோதா'. ஐந்து ஆண்டுகள் 'ப்யாத் லேத்'. நோயாளியின் வயதைக் கேட்டெழுதும் முதல் நாளிலேயே இப்பாடம் தேவைப்பட்டுவிடும்.

மரியாதையிலும் ஒற்றுமை உண்டு. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அங்கே 'தி', 'வி' என்று நிலவுகிறது. பெரியவர்களை அவர்தம் பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்து அழைப்பதே பண்பாடு. தாகெஸ்தானின் புகழ்பெற்ற கவிஞர் ரசூல் கம்ஸாதொவ் (1923-2003) முழுப்பெயர் ரசூல் கம்ஸாதொவிச் கம்ஸாதொவ். தந்தையார் பெயர் கம்ஸாத், அதாவது ஹம்ஸா. ரஷ்ய மொழியில் 'ஹ' ஒலி இல்லாமையால் அது அவ்வாறு ஆயிற்று. அவர் கவிதை இயற்றியது தம் தாய்மொழியான அவார் மொழியில். அவரை உலகறியச் செய்தது ரஷ்ய மொழிபெயர்ப்பு. முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் அந்த மலைநாட்டில், வீட்டில் ஒரு மொழியும் கடைவீதியில் ரஷ்ய மொழியுமாக மக்கள் வாழ்கின்றனர். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிட வேண்டும் என்ற கட்டாயமில்லை.

நாம் அறிந்த சொற்கள்

அரபுச் சொற்கள் துருக்கிய மொழிகள் வழியாகவும் ஐரோப்பிய மொழிகள் வழியாகவும் ரஷ்ய மொழிக்குள் சென்றுள்ளன. பெட்டிக்கு அங்கே 'சுந்தூக்' என்று பெயர். ஜனாஸாவைச் சுமந்து செல்வதை நாம் 'சந்தூக்' என்கிறோமே, அதே சொல்தான். அரசுக் கருவூலம் 'கஸ்னா', நம் 'கஜானா'. இலக்கம் என்பதற்கு 'த்ஸீஃப்ரா'; அரபியில் சுழியைக் குறிக்கும் 'ஸிஃப்ர்' அதன் மூலம். மருத்துவர் அணியும் வெள்ளை அங்கிக்குப் பெயர் 'கலாத்'. மன்னர்கள் பரிசளித்த 'கில்அத்' என்னும் ஆடையின் பெயர் அவ்வாறு திரிந்தது. 'மகஸீன்' என்றால் கடை. பண்டகசாலையைக் குறிக்கும் 'மக்ஸன்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது அது. ஆங்கிலத்தில் இதழைக் குறிக்கும் 'மேகஸின்' அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே, ரஷ்யாவில் 'மகஸீன்' எங்கே என்று கேட்டால் இதழ் கிடைக்காது. கடைக்குத்தான் வழி காட்டுவார்கள்.

எளிதல்லாத இடங்கள்

கடினம் எதுவுமில்லை என்று கூறுவது ஏமாற்றுவதாகும். ரஷ்யச் சொல்லில் அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதற்கு எளிய விதி இல்லை. 'ஸாமக்' என்று முன்னசையை அழுத்தினால் கோட்டை. 'ஸமோக்' என்று பின்னசையை அழுத்தினால் பூட்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றே. தொடக்க நூல்களில் அழுத்தக் குறி இட்டிருப்பார்கள், நாளிதழில் இராது. ஜபர், ஜேர், பேஷ் இட்ட எழுத்தில் தொடங்கி, அவை இல்லாத அரபு நூலுக்கு நாம் எப்படி நகர்கிறோமோ, அப்படியே இதுவும். குறியோடு வாய்விட்டுப் படித்த சொல்தான் பின்னர்க் குறியின்றியும் நாவில் நிற்கும்.

வினைச்சொல்லில் மற்றொரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு வினைக்கும் பெரும்பாலும் இரு வடிவங்கள். ஒன்று தொடர்ந்த அல்லது வழக்கமான செயலைக் குறிக்கும். மற்றது முடிந்த செயலைக் குறிக்கும். நோயாளி ஒருவர் மருந்தைப் பற்றி 'ப்ரினிமால்' என்றால் 'உட்கொண்டு வந்தேன்' என்று பொருள். 'ப்ரீன்யல்' என்றால் 'உட்கொண்டுவிட்டேன்' என்று பொருள். பல நாள் உண்ட மருந்தா, ஒரு வேளை உண்ட மருந்தா என்பது சிகிச்சையையே மாற்றும் செய்தியன்றோ! சொல்பவர் பெண்ணாயின் இறுதியில் 'லா' சேரும். 'நான்' என்று பேசும்போதும் இறந்தகால வினை ஆண், பெண் வேறுபாடு காட்டும். நம் மாணவியர் இதனைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

கலக்காமல் கற்பது எப்படி?

ரஷ்யச் சொல்லைத் தேடும்போது அரபுச் சொல் நாவில் வந்து நிற்கும். பல மொழி பயில்வோர் அனைவருக்கும் இது நேரும். மறதி என்றோ மந்தம் என்றோ எண்ண வேண்டாம். இரு மொழிகளும் ஒரே தொடக்க நிலையில் இருக்கும்போதுதான் இக்கலப்பு மிகும். ஆதலின் ஒரு காலத்தில் ஒரு மொழியை மட்டுமே புதிதாக வளர்க்க வேண்டும். முன்பு கற்றவற்றைச் சிறு பயிற்சியால் காத்து வர வேண்டும். ஸுப்ஹுக்குப் பின் அரைமணி நேரம் ரஷ்ய மொழி; இரவில் பத்து நிமிடம் அரபு; இரண்டிற்கும் வெவ்வேறு குறிப்பேடு. இவ்வளவே போதும். பொருள் எழுதும்போது ஆங்கிலத்தில் மட்டும் எழுதாமல் தமிழிலும் எழுதிக்கொள்வது நலம்.

ஹங்கேரி நாட்டுப் பெண்மணி காத்தோ லோம்ப் (1909-2003) வேதியியல் பயின்றவர். 1941-இல், போர்க்காலத்தில், அகராதியின் துணைகொண்டு தாமே ரஷ்ய மொழி கற்கத் தொடங்கி, ரஷ்ய நாவல்களைப் படித்து வளர்ந்தார். போர் முடியும் தறுவாயில் புடாபெஸ்டில் ரஷ்ய மொழிபெயர்ப்பாளராகப் பணியேற்றார். பின்னாளில் பதினாறு மொழிகளைத் தொழிலில் பயன்படுத்திய அவர், தமக்குத் தனித் திறமை உண்டென்று கூறிக்கொள்ளவில்லை. ஆர்வமும் நாள் தவறாத பழக்கமுமே அவர் வலியுறுத்தியவை.

பெற்றோர் செய்ய வேண்டியது

வெளிநாட்டினருக்கான ரஷ்ய மொழித் தேர்வில் ஆறு படிகள் உள்ளன. தொடக்கப் படிக்கு ஏறத்தாழ 780 சொற்கள். அடுத்த படிக்கு 1300. அதற்கடுத்த படிக்கு 2300. நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் வீதம் கற்றால், 780 சொற்களுக்கு 156 நாட்கள் போதும். அஃதாவது, பயணத்திற்கு ஆறு மாதம் முன்னர்த் தொடங்கினால், விமானம் ஏறுமுன் முதற்படியைக் கடந்துவிடலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தையும் விடுதியையும் விசாரிக்கும் நாம், ரஷ்ய மொழிக்கு வாரத்திற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது, எத்தனை ஆண்டுகள் கற்பிக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். தேர்வில் தேறினால் போதும் என்று அப்பாடத்தைப் பிள்ளைகள் ஒதுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'க்த்யே பலீத்?' என்றால், 'எங்கே வலிக்கிறது?' என்று பொருள். 'உ மென்யா பலீத் கலவா' என்று மறுமொழி வரும். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதே அது. ஆங்கிலம் அறியாத ஒரு நோயாளியிடம் நம் பிள்ளை அக்கேள்வியைக் கேட்டு, அம்மறுமொழியை உணர்ந்துகொள்ளுமாயின், அந்த ஆறு மாத உழைப்பின் பயன் அதுவே. இவ்வாண்டு பிள்ளையை அனுப்ப எண்ணியிருக்கும் பெற்றோர், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே ஒரு ரஷ்யத் தொடக்க நூலையும் வாங்கிக் கொடுத்துவிடுவார்களாக.