கடுக்காய்க் கறை சொல்லும் வேகம்

கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலைக் காடுகளில் கிடைக்கும் கடுக்காய், தோல் பதனிடப் பயன்படுவது. அதன் சாறு தோலுக்குள் மெல்ல ஊடுருவுவதைத்தான் இயற்பியல் விரவல் என்கிறது. இரு மடங்கு தடிமனுள்ள தோலில் ஊற ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும்.

சாறு பரவும் இந்த வேகத்தை, சாயம் எவ்வளவு சிதறியிருக்கிறது என்று சொல்லும் என்ட்ரோபியால் அளக்கலாம். சைனா கிராஸைக் காய்ச்சி ஒரு தட்டில் மெல்லிசாக ஊற்றி உறைய விடுங்கள். அடியில் கட்டம் போட்ட தாள், நடுவில் ஒரு சொட்டுக் கடுக்காய்ச் சாறு. வெறும் தண்ணீர் உதவாது. அதில் எழும் சின்னச் சின்ன ஓட்டங்களே சாயத்தை இழுத்துப்போய்விடும்.

சாயம் முழுவதும் ஒரே கட்டத்தில் இருந்தால் என்ட்ரோபி 0. இரண்டு கட்டங்களில் சமமாக இருந்தால் 1 பிட், நான்கில் 2 பிட். சமமாக இல்லையென்றால், ஒவ்வொரு கட்டத்தின் பங்கையும் அந்தப் பங்கின் 2-அடிமான மடக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிக் குறியை மாற்ற வேண்டும். நிறத்தின் அடர்த்தியிலிருந்து பங்கு கிடைத்துவிடும்.

அறிவியலாளர் ஃபிக் 1855இல் தந்த விரவல் விதிப்படி, கறையின் பரப்பு நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில் வளரும். ஆகவே கறை சொட்டைவிட நன்றாகப் பெரிதான பிறகு, நேரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் என்ட்ரோபி 1 பிட் கூடும். ஒரு மணியிலிருந்து இரண்டுக்கு 1 பிட், இரண்டிலிருந்து நான்குக்கு இன்னொரு பிட்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: விரைந்து பரவும் பொருளுக்கும் மந்தமாகப் பரவும் பொருளுக்கும் இந்த ஏற்றம் ஒன்றே. அப்படியானால் வேகம் எதில் தெரியும்? ஒரே நேரத்தில் இரண்டின் என்ட்ரோபிக்கும் உள்ள இடைவெளியில். 1 பிட் கூடுதல் என்றால், பரவும் வேகத்தைக் குறிக்கும் விரவல் குணகம் இரு மடங்கு. நீரில் உப்பின் குணகம் சர்க்கரையினுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதனால் உப்பு எப்போதும் சுமார் 1.6 பிட் முன்னே நிற்கும்.

கறை அப்படியே இடம் பெயர்ந்தாலும் என்ட்ரோபி மாறாது என்பது கூடுதல் வசதி. தட்டின் விளிம்பைத் தொட்டபின் மட்டும் கணக்கு வேறு: 64 கட்டங்களில் உச்சம் 6 பிட், அதை எட்ட மிச்சமுள்ள குறை எவ்வளவு விரைவாகக் கரைகிறது என்று பார்க்க வேண்டும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர், விரவலின் கணிதத்தை 1943இல் ஒரு நெடிய கட்டுரையாகத் தொகுத்தார். அதைப் படிக்குமுன் கள்ளக்குறிச்சிப் பள்ளி ஆசிரியர்கள் இந்தத் தட்டுச் சோதனையை மாணவர்கள் கையாலேயே செய்ய வைக்க வேண்டும்.