கார்ட்லெஸ் மைக் ஏன் விட்டுவிட்டுக் கேட்கிறது?

பேச்சின் நடுவே மைக் அறுந்துபோனால் முன்வரிசையில் இருப்பவர் அதிகம் கவலைப்படுவதில்லை. பேசுபவரின் முகம் தெரிகிறது, குரலும் ஓரளவு எட்டுகிறது. மாடியிலோ திரைக்கு அப்பாலோ இருக்கும் பெண்களுக்கு அப்படியில்லை. அவர்களுக்கு ஸ்பீக்கர்தான் எல்லாம். கண் சிகிச்சை முகாமை நினைத்துப் பாருங்கள். சொட்டு மருந்து போட்டுக்கொண்ட முதியவருக்கு எழுதி வைத்த பலகை மங்கலாகத்தான் தெரியும். எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்ற அறிவிப்பில் பாதி காணாமல் போனால் அவர் தவறான வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பார். தராவீஹில் தக்பீர் கேட்காவிட்டால் மேல்மாடியில் இருப்பவர்கள் எதை வைத்து ருகூவுக்குப் போவது?

இந்தக் கோளாறு இரண்டு முறை வந்துவிட்டால் போதும், "செட் பழசாகிவிட்டது, புதிது வாங்கிவிடலாம்" என்று கூட்டத்தில் பேச்சு எழும். யாராவது ஒருவர் நன்கொடை தருவார். புதிய செட் வரும். சில வாரங்களில் அதுவும் அதேபோல் அறுபடும். காரணம், பல இடங்களில் பழுது செட்டில் இல்லை. மைக்குக்கும் ரிசீவருக்கும் நடுவே உள்ள வழியில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. காது, ரிசீவரில் எரியும் ஒரு சின்ன விளக்கு, கால் மணி நேரப் பொறுமை போதும்.

கார்ட்லெஸ் மைக் என்பது கையில் பிடித்துப் பேசும் ஒரு குட்டி வானொலி நிலையம். சாதாரண செட்டுகளில் அது அனுப்பும் சக்தி 10 முதல் 50 மில்லிவாட் வரைதான். நம் சட்டைப்பையில் உள்ள 4ஜி கைபேசி, டவர் தூரமாக இருந்தால் 200 மில்லிவாட் வரை அனுப்பும். அதாவது, சபையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் பையிலும் நம் மைக்கைவிட உரத்துப் பேசக்கூடிய ஒரு கருவி இருக்கிறது. இரண்டும் வேறு வேறு அலைவரிசையில் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. நெருங்கி வந்தால்தான் சண்டை.

முதலில் காதால் பிரித்தறிக

எல்லாச் சத்தத்தையும் "இன்டர்ஃபியரன்ஸ்" என்று சொல்லிவிடுகிறோம். கூவென்று ஊளையிடுவது ரேடியோ கோளாறே அல்ல. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தை மைக் மறுபடி வாங்குவதால் வருவது அது. மைக்கை ஸ்பீக்கருக்குப் பின்னால் கொண்டுபோனாலோ வால்யூமைக் குறைத்தாலோ அடங்கிவிடும். விடாமல் "ம்ம்ம்" என்று உறுமுவது பெரும்பாலும் எர்த் அல்லது கேபிள் கோளாறு. "டிட்டிட் டிர்ர்" என்று தாளம் போட்டு வருவது, மிக்ஸர் மேலேயோ கேபிள் பக்கத்திலேயோ யாரோ வைத்த கைபேசி. வயர் மைக்கிலும் அது வரும்.

மைக்குக்கும் ரிசீவருக்கும் நடுவே வரும் கோளாறு வேறு மாதிரி. சாதாரண அனலாக் செட்டில் பேச்சுக்கு நடுவே "ஷ்ஷ்" என்ற இரைச்சல் வெடித்துக் கிளம்பும், அல்லது வேறு யாரோ பேசுவது கேட்கும். டிஜிட்டல் செட்டில் இரைச்சலே இராது. சொல்லின் பாதி மௌனமாக விழுங்கப்பட்டுவிடும். அதனால் டிஜிட்டலில் பலர் மைக்கை விட்டுவிட்டு பேசுபவரைக் குறை சொல்வதும் உண்டு.

சந்தேகம் இருந்தால் ஒரு வயர் மைக்கை மிக்ஸரின் அதே சேனலில் சொருகிப் பேசிப் பாருங்கள். அதிலும் கோளாறு வந்தால் கார்ட்லெஸைத் திட்டிப் பயனில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கம் போங்கள். வயர் மைக் சுத்தமாகக் கேட்டால் அடுத்த சோதனைக்கு வரலாம்.

வால்யூமை முழுவதும் இறக்கிவிட்டு மைக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு மைக் இருந்தால் இரண்டையும். இப்போது ரிசீவரில் ஆர்எஃப் என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். மைக் அணைந்திருக்கும்போது அது எரியக் கூடாது. எரிந்தால், அல்லது விட்டுவிட்டு மினுக்கினால், நம் அலைவரிசையில் வேறொன்று இருக்கிறது என்று பொருள். எது என்று தெரிய மேடையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். இப்போதெல்லாம் திருமண மண்டபங்களில் பின்னணிக்கு வைக்கும் எல்இடி திரை முக்கியமான சந்தேக நபர். அதன் மின்சுற்றுகள் பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் இரைச்சலைக் கசியவிடும். காலையில் திரை அணைந்திருக்கும்போது சோதித்துப் பார்த்து, மாலையில் திரை எரியும்போது மைக் அறுபட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆகவே எதையெல்லாம் நிகழ்ச்சியில் பயன்படுத்தப் போகிறோமோ அதையெல்லாம் போட்டுவிட்டுத்தான் சோதனை செய்ய வேண்டும். விளக்கு எரிந்தால் வேறு சேனலுக்கு மாற்றி, அது எரியாத சேனலைப் பிடிக்க வேண்டும்.

பீரோவுக்குள் பூட்டிய ரிசீவர்

மைக் அணைந்திருக்கும்போது விளக்கும் அணைந்தே இருக்கிறது, ஆனாலும் நடுவில் அறுபடுகிறது என்றால், நம் அலையே ரிசீவருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. நம் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் இதுதான் அதிகம் என்பது என் கருத்து. திருட்டுக்குப் பயந்து ஆம்ப்ளிஃபயர், ரிசீவர் எல்லாவற்றையும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். ரேடியோ அலை இரும்பைத் துளைத்துப் போகாது. கதவு இடுக்கில் கசிந்தது போதும் என்று அந்த ரிசீவர் பிழைப்பை ஓட்டுகிறது. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கட்டும். ரிசீவரை மட்டும் வெளியே, பேசுபவருக்கு நேர்ப் பார்வையில், தலைமட்டத்துக்கு மேலே வையுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் எடுத்துப் பூட்டிக்கொள்ளலாம். ஆம்ப்ளிஃபயர் தூரத்தில் இருந்தால் மூன்று முனை கொண்ட எக்ஸ்எல்ஆர் கேபிளில் 50 மீட்டர் வரைகூடத் தாராளமாக இழுக்கலாம். காற்றில் போகும் தூரத்தைக் குறைத்து, வயரில் போகும் தூரத்தைக் கூட்டுவதே சரி. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். அதுவும் அலையை உறிஞ்சும். காலர் மைக்கின் பெட்டியை ஹஜ்ரத் ஜுப்பாவின் வலப்பையில் வைத்திருப்பார், ரிசீவர் அவருக்கு இடப்பக்கச் சுவரில் இருக்கும். நடுவே முழு உடலும் தடுப்பு. பெட்டியிலிருந்து தொங்கும் சிறு வயர்தான் அதன் ஏரியல். அதைச் சுருட்டிப் பையில் திணித்துவிட்டால் பாதிச் சக்தி வீண். அதே பையில் கைபேசியும் இருந்தால் கேட்கவே வேண்டாம். பெட்டியை ரிசீவர் இருக்கும் பக்கத்துப் பையில் வைத்து, வயரை நேராகத் தொங்கவிட்டு, கைபேசியை வேறொருவரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். தொழுகையில் பெரியவரிடம் இதைச் சொல்லச் சிலருக்குத் தயக்கம் இருக்கும். முன்கூட்டியே, தனியாகச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

கையில் பிடிக்கும் மைக்கில் ஏரியல் பெரும்பாலும் அடிப்பகுதியில் இருக்கும். பரிசளிப்பு விழாவில் பேச வரும் பிள்ளைகள் அந்த அடியைத்தான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பார்கள். நடுவில் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்.

இன்னொரு விசித்திரத்தையும் பலர் பார்த்திருப்பார்கள். பேசுபவர் ஓரிடத்தில் நின்றால் அறுபடும். அரை அடி நகர்ந்தால் சரியாகிவிடும். பேய் எதுவும் இல்லை. மைக்கிலிருந்து நேராகப் போகும் அலையும், சுவரிலோ இரும்புக் கதவிலோ பட்டுத் திரும்பும் அலையும் ரிசீவரில் சந்திக்கின்றன. ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் சேர்ந்தால் இரண்டும் அழிந்துபோகும். 600 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர். அதனால்தான் சில அங்குலம் நகர்ந்தாலே நிலைமை மாறுகிறது. இதற்காகத்தான் நல்ல ரிசீவர்களில் இரண்டு ஏரியல் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் அலை அழிந்தாலும் மற்றொன்றில் இருக்கும். இரண்டையும் "வி" எழுத்துப்போல் விரித்து வையுங்கள். ஒன்று உடைந்துபோய் ஒற்றைக் கொம்போடு நிற்கும் ரிசீவரைப் பல இடங்களில் காணலாம். அந்த ஒரு கொம்பை மாற்றுவது புது செட் வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு.

எந்த அலைவரிசை?

ரிசீவரின் பின்பக்க ஸ்டிக்கரில் மெகாஹெர்ட்ஸ் எண் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. நம் நாட்டில் 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை கைபேசி நிறுவனத்துக்குப் போனது. அந்தப் பட்டையில் 703 முதல் 748 வரை கைபேசிகள் அனுப்பும் பகுதி, 758 முதல் 803 வரை டவர்கள் அனுப்பும் பகுதி. உங்கள் பழைய செட் இந்த எண்களுக்குள் வந்தால், நேற்றுவரை நன்றாக இருந்தது இன்று ஏன் இரைகிறது என்பதற்கு அதுவே விடையாக இருக்கலாம். அமெரிக்காவில் 2010 ஜூன் மாதத்திலேயே 700 பட்டையில் கார்ட்லெஸ் மைக் பயன்படுத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். வளைகுடாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ உறவினர் அன்பாகக் கொண்டுவந்து தரும் செட்டையும் இப்படிப் பார்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். நாட்டுக்கு நாடு பட்டைகள் வேறு.

2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்ட மலிவு செட்டுகள் வேறு ரகம். வைஃபை, புளூடூத் இரண்டும் அங்கேதான் குடியிருக்கின்றன. காலி மண்டபத்தில் அருமையாகக் கேட்கும். ஐந்நூறு பேர் வந்து உட்கார்ந்ததும் ஐந்நூறு கைபேசிகளும் வைஃபை தேடத் தொடங்கும், ஐந்நூறு உடல்களும் அலையை உறிஞ்சும். சிறு வகுப்பறைக்கு இது போதும். பெருங்கூட்டத்துக்கு வாங்க வேண்டாம்.

ஒரே மேடையில் நான்கு மைக் வைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 600 மெகாஹெர்ட்ஸிலும் 602 மெகாஹெர்ட்ஸிலும் இரண்டு மைக் அருகருகே இருந்தால், அவை சேர்ந்து 598லும் 604லும் போலி அலைகளை உண்டாக்கும். மூன்றாவது மைக்கை வரிசையாக இருக்கட்டும் என்று 604ல் வைத்தால் அதற்குத் தொல்லை நிச்சயம். சம இடைவெளியில் வைப்பதே தவறு. கம்பெனிக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஒரு குரூப்புக்குள் சேனல்களைப் பிரித்துத் தருகிறார். எல்லா மைக்கையும் ஒரே குரூப்பில் வெவ்வேறு சேனலில் வையுங்கள், இஷ்டத்துக்குக் கலக்காதீர்கள். பேசி முடித்தவரின் மைக்கை ரிசீவர் பக்கத்திலேயே எரியவிட்டு வைப்பதும் கூடாது.

பக்கத்து மண்டபத்து நிக்காஹ் பேச்சு நம் ஸ்பீக்கரில் வந்தால் சிரித்துவிட்டுப் போகிறோம். அதன் மறுபக்கம் சிரிப்புக்குரியதல்ல. அவர்கள் பேச்சு நமக்குக் கேட்டால் நம் பேச்சும் அங்கே கேட்கும். சாதாரண அனலாக் மைக்கில் பூட்டு எதுவும் இல்லை. அதே அலைவரிசையில் ரிசீவர் வைத்திருக்கும் எவரும், சுவருக்கு வெளியே இருந்தாலும், கேட்கலாம். குடும்பத் தகராறு விசாரணை, மருத்துவ ஆலோசனை, உதவி கேட்டு வருவோரின் விவரம் இவற்றுக்குக் கார்ட்லெஸ் மைக் வேண்டவே வேண்டாம். காலர் மைக்கைக் கழற்றும்வரை அணைத்து வைப்பதையும் வழக்கமாக்குங்கள்.

பேட்டரி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முக்கிய நிகழ்ச்சிக்குப் புதியது போடுங்கள், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். சார்ஜ் செய்யும் பேட்டரி 1.2 வோல்ட், அல்கலைன் 1.5 வோல்ட். மைக்கில் உள்ள பேட்டரி அளவு காட்டும் விளக்கு பெரும்பாலும் அல்கலைனை வைத்தே கணக்கிடும். சார்ஜ் பேட்டரி கடைசி நேரம்வரை ஒரே அளவில் நின்று திடீரென விழும். எனவே அந்த விளக்கை நம்பாமல் மணி பார்த்து மாற்றுங்கள்.

மேடையில் ஒரு வயர் மைக், சொருகி, சோதித்து, ஸ்டாண்டோடு ஓரமாக நிற்கட்டும். கார்ட்லெஸ் இரண்டாம் முறை அறுபட்டதும் பேசுபவர் யாரையும் கேட்காமல் அதை இழுத்துக்கொள்ளலாம். ரிசீவர் மேல் ஒரு சிறு தாளில் செட்டின் மெகாஹெர்ட்ஸ், இந்த மண்டபத்தில் சுத்தமாக இருக்கும் சேனல், கடைசியாகச் சோதித்த தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை வேறொருவர் வந்தாலும் தேட வேண்டியிராது.

நிகழ்ச்சிக்கு முன் நடந்து பார்க்கும் சோதனையை இரண்டு பேர் செய்ய வேண்டும். ஒருவர் மைக்கில் எண்ணிக்கொண்டே மேடை முழுதும், பேசுபவர் போகக்கூடிய மூலைகளுக்கும் நடக்கட்டும். மற்றவர் பெண்கள் பகுதியில், கடைசி வரிசையில் நின்று கேட்கட்டும். மிக்ஸர் பக்கத்தில் இருப்பவருக்கு அங்கே என்ன கேட்கிறது என்று தெரியாது. கூட்டம் தொடங்கியபின் அந்த இடத்தில் ஒரு சகோதரியிடம் மிக்ஸரில் இருப்பவரின் எண்ணைக் கொடுத்து வையுங்கள். "கேட்கவில்லை" என்று ஒரு வரி அனுப்பினால் அந்த நிமிடமே வயர் மைக்குக்கு மாறிவிடலாம்.