உங்கள் ஊர் வெப்சைட் அழியாமல் இருக்க... பிரவுசரிலேயே எடுக்கலாம் பேக்கப்!

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது அனுமந்தன்பட்டி. பஸ்ஸில் போகிற ஒருவர் செல்போனில் ஊர் பெயரைத் தட்டினால், தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தப் பேரூராட்சிக்கான பக்கம் திறக்கும். தலைப்பு, பத்தி, யார் எப்போது திருத்தினார் என்ற வரலாறு... எல்லாமே ஒரே பக்கமாகத் தெரியும். ஆனால், சர்வரில் இவை தனித்தனி அட்டவணைகளில்தான் பதிந்திருக்கின்றன. வி.ஏ.ஓ அலுவலகத்தில் பட்டாவுக்கு ஒரு பதிவேடு, அடங்கலுக்கு ஒரு பதிவேடு இருப்பது போல! இந்தப் பதிவேட்டுக் கட்டுக்குப் பெயர்தான் டேட்டாபேஸ்.

விக்கிப்பீடியா மட்டுமல்ல. உலகில் உள்ள இணையதளங்களில் 40 சதவிகிதத்துக்கும் மேல் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குகின்றன. பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம், கோயில் திருவிழா, கம்பம் பன்னீர் திராட்சை வியாபாரம் என எதற்காக ஒரு தளம் தொடங்கினாலும், அதில் எழுதுவதெல்லாம் டேட்டாபேஸில்தான் சேர்கிறது. அது போனால், தளத்தில் எழுதியது அத்தனையும் போய்விடும்.

மகள் பெயரில் ஒரு மென்பொருள்

இந்த டேட்டாபேஸ்களில் மிகப் பிரபலமானது மைஎஸ்க்யூஎல். ஃபின்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் விடேனியஸ், தன் மூத்த மகள் 'மை'யின் பெயரை இதற்கு வைத்தார். பிறகு அவரே உருவாக்கிய மரியாடிபிக்கு இளைய மகள் மரியாவின் பெயர். விக்கிப்பீடியா இயங்குவது இந்த மரியாடிபியில்தான்.

ஆரம்பத்தில் இதைக் கையாள, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். 1998 செப்டம்பரில் டோபியாஸ் ராட்ஷில்லர் என்பவர், பிரவுசரில் கிளிக் செய்தே அட்டவணைகளைப் பார்க்கவும் திருத்தவும் ஒரு கருவியை வெளியிட்டார். அதுதான் பிஎச்பி-மை-அட்மின். நேரமில்லாமல் 2000-ல் அவர் விலகிவிட, 2001-ல் ஒலிவியே முல்லர், மார்க் டெலீல், லோயிக் ஷாப்போ என்ற மூவர் அதைக் கையில் எடுத்தனர். இன்றும் இது இலவசம். வாடகைக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவற்றின் கன்ட்ரோல் பேனலில் இந்தக் கருவியைப் பார்க்கலாம்.

விக்கிப்பீடியாவின் டேட்டாபேஸையும் பிரவுசரிலேயே பார்க்க முடியும். அதற்கான 'குவாரி' என்ற கருவியை உருவாக்கியவர் சென்னையைச் சேர்ந்த யுவி பாண்டா. விக்கிப்பீடியா கணக்கு வைத்திருக்கும் யாரும் அதில் கேள்வி கேட்டு விடை எடுக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் 'பட்டி' என முடியும் தலைப்புகள் எத்தனை என்றுகூடக் கேட்கலாம். அங்கே இருப்பது நகல்; பார்க்கத்தான் முடியும், அழிக்க முடியாது.

ஆனால், பிஎச்பி-மை-அட்மின் அப்படியல்ல. அங்கே இருப்பது அசல்!

9 எழுத்து, 42 பைட்

சொந்த டேட்டாபேஸில் தமிழ் எழுதுபவர்களுக்கு வரும் முதல் தலைவலி, கேள்விக்குறி. 'அனுமந்தன்பட்டி' நம் கண்ணுக்கு 9 எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது 14 குறியீடுகள். யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 42 பைட். மைஎஸ்க்யூஎல் ஸ்வீடனில் வளர்ந்ததால், ஐரோப்பிய எழுத்துகளுக்கான 'லத்தீன்1' என்ற முறையே பல காலம் அதன் இயல்பான அமைப்பாக இருந்தது. அதில் தமிழுக்கு இடமே இல்லை. அப்படிப்பட்ட அட்டவணையில் ஊர் பெயரைச் சேமித்தால், திரும்பக் கிடைப்பது 14 கேள்விக்குறிகள்தான். அப்படிப் பதிந்துவிட்டால் அதிலிருந்து தமிழை மீட்கவும் முடியாது.

'யுடிஎஃப்8' என்று மாற்றினால் தமிழ் நிற்கும். ஆனால், மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பெயரில் இருப்பது 3 பைட் வரைதான் தாங்கும். இமோஜிக்கு 4 பைட் வேண்டும். நடுவில் ஒரு சிரிப்பு இமோஜி போட்டால், அதற்குப் பின்னால் எழுதியது முழுக்க வெட்டுப்பட்டுப் போவதும் உண்டு. எனவே 'யுடிஎஃப்8எம்பி4' என்பதைத் தேர்வு செய்வதே சரி. 2018-ல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் இதுவே இயல்பான அமைப்பு.

பெரிய நிறுவனமும் தப்பவில்லை

'டிராப்' என்ற பட்டன் ஓர் அட்டவணையையே இல்லாமல் செய்துவிடும். 'நிச்சயமாகவா?' என்று கருவி கேட்கும். அவசரத்தில் 'ஓகே' கொடுத்துவிட்டால், குப்பைத்தொட்டிக்குப் போய் எடுத்து வர வழியில்லை.

புரோகிராமர்கள் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்திலேயே இப்படி நடந்தது. 2017 ஜனவரி 31 அன்று, ஓர் ஊழியர் தவறான சர்வரில் கட்டளை கொடுக்க, சுமார் 300 ஜிபி டேட்டாபேஸ் அழிந்தது. ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும், எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. 6 மணி நேரத்துக்கு முன்பு வேறொரு வேலைக்காக எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான்.

5 நிமிட வேலை

* கன்ட்ரோல் பேனலில் பிஎச்பி-மை-அட்மினைத் திறந்து, இடப்பக்கம் உங்கள் டேட்டாபேஸ் பெயரை கிளிக் செய்யுங்கள். மேலே 'எக்ஸ்போர்ட்' போய், 'குயிக்', 'எஸ்க்யூஎல்' தேர்வு செய்து பட்டனை அழுத்துங்கள். ஒரே ஃபைலாக டவுன்லோடு ஆகும்.

* அந்த ஃபைலில் எழுத்து மட்டுமே இருக்கும். வேர்ட்பிரஸில் படங்கள் 'அப்லோட்ஸ்' என்ற ஃபோல்டரில் தனியாக இருக்கும். அதையும் நகல் எடுங்கள்.

* ஒரு நகல் கம்ப்யூட்டரில், இன்னொன்று பென் டிரைவில் இருக்கட்டும். பயனர்களின் இமெயில் முகவரிகளும் அதில் இருக்கும் என்பதால் யாருக்கும் ஃபார்வேர்டு செய்யாதீர்கள்.

* காலி டேட்டாபேஸ் ஒன்றைத் தொடங்கி, 'இம்போர்ட்' மூலம் அந்த நகலை ஏற்றிப் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

* திருத்தம், அழிப்பு எதுவானாலும் எக்ஸ்போர்ட் முடித்த பிறகே கை வையுங்கள்.

* பிரவுசிங் சென்டரில் இந்தக் கருவியைத் திறக்க வேண்டாம். வலுவான பாஸ்வேர்டு கட்டாயம்.

ஊர் தளத்தை நடத்துபவர் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். அவர் வேலைக்காக வெளியூர் போய், ஹோஸ்டிங் கட்டணம் கட்ட மறந்தால் போதும், தளம் முடங்கும். சில மாதங்களில் டேட்டாபேஸும் அழிக்கப்படும். பேக்கப் ஃபைலும் பாஸ்வேர்டும் ஊரில் இன்னொருவரிடமும் இருந்தால், தளத்தை வேறு இடத்தில் மறுபடி ஏற்றிவிடலாம். அந்த இன்னொருவர் யார் என்பதை இந்த வாரமே முடிவு செய்துவிடுங்கள்.