பெயர் ஒன்று, பொருள் வேறு

'திங்கள்' என்னும் சொல் நிலவைக் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும், வாரத்தில் ஒரு நாளையும் குறிக்கும். வாக்கியத்தைப் படித்ததும் எந்தப் பொருள் என்று நமக்குப் புரிந்துவிடும். தரவுத்தள மென்பொருளோ அவ்வாறு ஊகிப்பதில்லை. தனக்கென வரையறுக்கப்பட்ட பொருளையே அது எடுத்துக்கொள்ளும்.

பள்ளி, வங்கி, மருத்துவமனை போன்ற இடங்களின் தகவல்கள் தரவுத்தளத்தில் அட்டவணைகளாகச் சேமிக்கப்படுகின்றன. அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தகைய தகவல் இடம்பெறும் என்பதை முன்கூட்டியே குறிப்பிடுவர். எண், எழுத்து, தேதி என அமையும் இப்பிரிவுகளே தரவு வகைகள். வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் தகவலே மாறிவிடும். சான்றாக, கைப்பேசி எண்ணை எண் வகையில் சேமித்தால் அதன் தொடக்கத்திலுள்ள 0 மறைந்துவிடும்.

வகைகளின் பெயர்களும் குழப்பம் தருவதுண்டு. 'டேட்' என்றால் தேதி. போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருளில் இவ்வகை தேதியை மட்டுமே சேமிக்கும். ஆரக்கிள் மென்பொருளில் அதே பெயருடைய வகை மணி, நிமிடம், நொடி ஆகியவற்றையும் சேர்த்தே சேமிக்கும். ஒருவர் மார்ச் 5ஆம் நாள் காலை மணி 10.30க்கு நூலை இரவல் பெற்றதாக ஆரக்கிளில் பதிவாகியிருக்கிறது எனக் கொள்வோம். 'மார்ச் 5' என்ற தேதிக்குச் சமமான பதிவுகளைத் தேடினால் அப்பதிவு கிடைக்காது. நேரம் குறிப்பிடப்படாத தேதியை ஆரக்கிள் அந்நாள் தொடங்கும் நள்ளிரவு மணி 12.00 என்றே கொள்வதுதான் காரணம். பிழைச் செய்தி ஏதும் தோன்றாததால், அன்று யாரும் நூல் பெறவில்லை என்றே நூலகர் எண்ணக்கூடும்.

'டைம்ஸ்டாம்ப்' என்னும் வகை பல மென்பொருள்களில் தேதியையும் நேரத்தையும் சேமிக்கும். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் அது நேரத்தைச் சேமிப்பதே இல்லை. பதிவு மாறும்போதெல்லாம் தானாக மாறும் ஓர் எண்ணையே சேமிக்கும். அதற்குப் பதிலாக 'ரோவெர்ஷன்' என்னும் பெயரைப் பயன்படுத்துமாறு அந்நிறுவனமே அறிவுறுத்துகிறது.

இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது? தரவுத்தளங்களுக்கான எஸ்கியூஎல் மொழியின் முதல் தரநிலை 1986இல் வெளிவந்தது. அதில் தேதிக்கும் நேரத்திற்கும் வகைகள் இல்லை; 1992ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் அவை சேர்க்கப்பட்டன. அதற்குள் நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி பெயர் சூட்டிவிட்டன. இப்போது அவற்றின் பொருளை மாற்றினால், பழைய நிரல்கள் பல பிழையாக இயங்கும்.

ஆகவே, பழக்கமான பெயர் என்று எண்ணி நிரலாளர் அதை அப்படியே பயன்படுத்திவிடக்கூடாது. முதலில் அம்மென்பொருளின் கையேட்டில் அதன் விளக்கத்தைப் படிக்க வேண்டும். பின்னர், ஒரு மாதிரிப் பதிவைச் சேமித்துத் தேடிப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனை, பின்னாளில் பல பதிவுகள் கண்ணுக்குத் தெரியாமல் விடுபடுவதைத் தடுக்கும்.